அடுக்களைக் கூரைவிளக்கு

கூடத்திற்கு ஒளிமிக்க விளக்கும் அடுக்களைக்கு மங்கிய விளக்கும் இடுதல் சிக்கனமெனக் கருதுவார் உளர். அரிசியிற் கல் ஆய்வதும் கத்தியாற் காய் அரிவதும் அடுக்களையிலன்றோ? ஒளி குறையாமலே செலவு குறைக்கும் வழியை ஈண்டு நாம் ஆராய்வாம்.

வாட் என்பது விளக்குக் கொள்ளும் மின்திறனைக் குறிக்கும். அது தரும் ஒளியின் அளவோ லூமென் எனப்படும். 60 வாட் இழைவிளக்குத் தரும் ஏறத்தாழ 800 லூமென் ஒளியை எல்.இ.டி. விளக்கு 9 வாட்டிலேயே தரும். முன்னது தான் கொள்வதிற் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணே இழப்பதே இதற்குக் காரணம். நாடோறும் 5 மணி நேரம் எரியின், ஓராண்டில் முன்னதற்கு ஏறத்தாழ 110 யூனிட்டும், பின்னதற்கு 16 யூனிட்டுமே செலவாகும். ஆதலின் விளக்கு வாங்குங்கால், உறையிலுள்ள வாட்டோடு லூமெனையும் ஒப்புநோக்குதல் வேண்டும். நிறத்தை உள்ளவாறு காட்டும் திறனெண் 100-க்கு 90 ஆயின், காயின் பழுதும் எளிதிற் புலனாகும்.

இனி, இடமும் கருதத்தக்கது. கூரை நடுவே ஒற்றை விளக்கிருப்பின், சமையல் மேடையை நோக்கி நிற்பாரின் நிழல் அவர்தம் கைமீதே விழும். அவ்விளக்கை மேடையின் முன்விளிம்பிற்கு நேர்மேலே மாற்றின், அதே மின்செலவில் அந்நிழல் பெரிதும் நீங்கும்.

சேமிக்கத்தக்கது வீணாகும் வெப்பமேயன்றி, அடுக்களையில் உழைப்பார்க்கு வேண்டும் ஒளியன்று என்க.