செமித்திய மொழிகளில் அயற்சொற்கள்

பிறமொழிச் சொற்கள் புகுந்தால் மொழியின் தூய்மை கெடுமோ என்னும் ஐயம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியறிஞரும் இதனை ஆழ ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிவை ஈண்டு நோக்குவோம்.

அரபு, எபிரேயம், அரமேயம், அக்காதியம், எத்தியோப்பியாவின் கீஸ் முதலியன ஒரு குடும்பத்து மொழிகள். நூஹ் நபியின் மைந்தர் சாமின் பெயரையொட்டி, இவற்றைச் 'செமித்திய மொழிகள்' என 1781-இல் செருமானிய அறிஞர் ஷ்லோட்சர் குறித்தார். பண்டை எகிப்திய மொழியும் வட ஆப்பிரிக்கப் பெர்பர் மொழிகளும் இவற்றின் தொலைவுறவினர். பெரும்பாலும் மூன்று மெய்களாலாகிய வேரினின்று சொற்கள் கிளைப்பது இக்குடும்பத்தின் சிறப்பியல்பு. க்-த்-ப் என்னும் வேரினின்று கிதாப் (நூல்), காத்திப் (எழுதுபவர்), மக்தப் (எழுதக் கற்குமிடம்) என்பன பிறத்தல் காண்க.

இக்குடும்பத்தில் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளையுடைய அக்காதியம், தன் ஆப்பெழுத்தையே செமித்தியரல்லாத சுமேரியரிடம் பெற்றது. 'பெருமனை' எனப் பொருள்படும் சுமேரியச் சொல் 'எகல்', அக்காதியத்தில் அரண்மனையைக் குறிக்கும் 'எகல்லு' ஆயிற்று; எபிரேயத்தில் 'ஹேக்கால்' என்றும் அரபியில் 'ஹைக்கல்' என்றும் வழங்கி, வழிபாட்டிடத்தையும் குறித்தது.

வாணிகமும் சொற்களைக் கொணர்ந்தது. கிரேக்கரின் திராக்மா 'திர்ஹம்' ஆயிற்று. உரோமரின் தெனாரியஸ் 'தீனார்' ஆயிற்று. ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) கலீபா அப்துல் மலிக் மனித உருவத்தை நீக்கி, இறைவசனம் பொறித்த பொற்காசை வெளியிட்டார். காசின் முகம் மாறியது. தீனார் என்னும் பெயர் நிலைத்தது.

திருக்குர்ஆனில் வரும் 'ஃபிர்தவ்ஸ்' ஈரானிய மூலத்தது என்றும், 'ஸிராத்' கற்பாதையைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று வந்தது என்றும் மொழிநூலார் கூறுவர். தெளிவான அரபியில் அருளப்பெற்ற மறையில் அயற்சொல் இருத்தல் இயலுமோ? இயலாது என்றார் அபூ உபைதா. ஏற்றோரும் இருந்தனர். கி.பி. 838-இல் மறைந்த அபூ உபைத் அல்-காசிம் இரு சாராரும் கூறுவது மெய்யே என்றார்: அவை தோற்றத்தால் அயற்சொற்கள், அரபியர் நாவில் பழகி அரபு வடிவம் பெற்றமையால் அரபுச் சொற்கள், மறை அருளப்பெற்றது அதன் பின்னரே. 1505-இல் மறைந்த இமாம் சுயூத்தி இத்தகு சொற்களைத் தொகுத்துத் தனிநூலே இயற்றினார்.

'அரபு வடிவம்' என்றது யாது? திர்ஹம் பன்மையில் 'தராஹிம்' ஆகிறது. தீனார் 'தனானீர்' ஆகிறது. வந்த சொல் அரபு இலக்கணத்திற்கு அடங்கியது. இலக்கணம் சொல்லுக்கு அடங்கவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்திய வடசொல்லை ஏற்ற தொல்காப்பியர் நெறியும் இதுவேயன்றோ?

வசூல், பாக்கி, வக்கீல் என அரபு மூலச் சொற்கள் தமிழிலும் வழங்குகின்றன. ஆதலின், 'இச்சொல் எங்கிருந்து வந்தது?' எனக் கேட்கும் மாணவர், 'நம் மொழி இதனை எவ்வாறு தனதாக்கியது?' என்றும் கேட்பாராக. மொழியின் வலிமை அவ்விரண்டாம் வினாவின் விடையிலேயே விளங்கும்.