சுகர் மட்டுமல்ல, மனசும் முக்கியம்

டைப் 1 சர்க்கரை நோயுள்ள பதின்ம வயதுப் பிள்ளை எரிந்து விழுந்தால் முதலில் மீட்டரில் சுகர் அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலே சிடுசிடுப்பு வரும். அளவு சரியாக இருந்தும் முகம் வாடியே கிடந்தால் விஷயம் வேறு.

மனநிலையை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் ‘டபிள்யூ.எச்.ஓ-5’ கேள்வித்தாள் கைகொடுக்கும். கடந்த 2 வாரங்களில் உற்சாகமாக இருந்தாயா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா என்பதுபோல 5 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண். பிள்ளையே தனியாக நிரப்பட்டும், எட்டிப் பார்க்காதீர்கள். மொத்தம் 13-க்குக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசியைத் தவிர்ப்பதையும், மீட்டரில் வராத எண்ணை நோட்டில் எழுதுவதையும் திருட்டுத்தனம் என்று திட்டவே திட்டாதீர்கள். தினமும் இந்த நோயோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன பிள்ளை அது.

“செத்துடலாம்போல இருக்கு” என்றால் இன்சுலினை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் பேசலாம்.