அனர்த்த காலமும் வைத்தியசாலைகளின் கூட்டுறவும்

1995ஆம் ஆண்டு சனவரி மாதம் 17ஆந் திகதி விடியற்காலையில் யப்பான் தேசத்துக் கோபே நகரைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கிற்று. மாண்டோர் தொகை 6,400இற்கு மேற்பட்டது. அவருட் பெரும்பாலோர் இடிந்த வீடுகளின் கீழே உடனே உயிர் நீத்தனர். ஆயினும், தக்க சிகிச்சை வாய்த்திருப்பின் ஏறக்குறைய 500 பேர் பிழைத்திருப்பர் எனப் பின்னர் ஆராய்ந்தோர் மதிப்பிட்டனர்.

இக்குறை எவ்வாறு நேர்ந்தது? யப்பானில் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. கோபேயிலுள்ள வைத்தியசாலைகளோ நீரும் மின்சாரமுமின்றித் தவித்தன. காயமுற்றோர் அங்கேயே வந்து குவிந்தனர். அண்மையிலுள்ள ஒசாக்கா நகரத்து வைத்தியசாலைகளிற் கட்டில்கள் இருந்தும் பயன்படவில்லை. எங்கே இடமுண்டு என்பதை அறிவிக்க வழியில்லை, வீதிகளும் அடைபட்டிருந்தன. பாரத்தின் கீழ் நெடுநேரம் நசுங்கிய தசையிலிருந்து, உடல் விடுவிக்கப்பட்டதும், நச்சுப் பொருள்கள் இரத்தத்திற் கலந்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். இத்தகையோருக்கு வேண்டியது இரத்தச் சுத்திகரிப்பு. அது நீரற்ற நகரில் இயலாது. அயல் நகரில் இயலும்.

இதனையுணர்ந்த யப்பானியர் மூன்று ஏற்பாடுகளைச் செய்தனர். முதலாவது, 1996 முதல் ஒவ்வொரு பிரதேசத்திலும் அனர்த்தகாலத் தலைமை வைத்தியசாலைகளை நியமித்தமை. அதிர்ச்சி தாங்கும் கட்டடமும் மின்பிறப்பாக்கியும் நீர்ச்சேமிப்பும் அவற்றுக்கு இன்றியமையாதன. இரண்டாவது, ஒவ்வொரு வைத்தியசாலையின் நிலையையும் ஏனையவை அறியத்தக்க செய்தித் தொடர்பு. மூன்றாவது, வைத்தியரும் தாதியரும் உதவியாளரும் சேர்ந்த, விரைந்து செல்லும் சிறு குழுக்கள். இவை 2005இல் அமைந்தன.

2011 மார்ச் 11இல் வடகீழ் யப்பானைக் கடற்கோள் தாக்கியபோது இவ்வேற்பாடு சோதிக்கப்பட்டது. ஏறக்குறைய 340 குழுக்கள் விரைந்தன. இசினோமாக்கி நகரிற் கரையருகேயிருந்த நகர வைத்தியசாலை நீரில் மூழ்க, 2006இல் உள்நாட்டுப் புறமாக இடம்பெயர்ந்திருந்த செஞ்சிலுவை வைத்தியசாலை அப்பிரதேசத்தைத் தாங்கி நின்றது. எனினும் புதிய பாடமொன்றும் கிடைத்தது. குழுக்கள் நசுங்கிய உடல்களுக்கு ஆயத்தமாயிருந்தன. கடலோ பெரும்பாலோரைக் கொன்றது, காயப்படுத்தியது சிலரையே. எஞ்சிய முதியோருக்கு வேண்டியிருந்தவை நாள்தோறும் உண்ணும் மருந்துகள். சென்ற அனர்த்தத்தை மட்டும் எண்ணி ஆயத்தஞ் செய்தல் போதாது என்பது தெளிவாயிற்று.

இது நமக்கும் உரிய பாடம். 2004 டிசம்பர் 26இல் காலி மகாமோதரை மகப்பேற்று வைத்தியசாலையுட் கடல் புகுந்தபோது, தாய்மாருக்கும் சேய்களுக்கும் புகலளித்தது கராப்பிட்டிய வைத்தியசாலை. துணை வைத்தியசாலை எது, செல்லும் வழி எது, அழைக்கவேண்டியவர் யார் என்பவற்றை அமைதியான காலத்திலேயே வகுத்துப் பழகுவோமாக. இடருற்ற வேளையிற் புதிதாகத் தேடும் உறவு காலந்தாழ்த்தே வந்து சேரும்.