கணினியும் புணரியலும்

எமது கல்லூரி நூல்நிலையத்துக்குப் பழைய மாணவர் சிலர் கணினிகளை உவந்தளித்த நாளிலே, இனித் தமிழாசிரியர்க்கு வேலை குறையும் என்று நண்பரொருவர் நகையாடினார். அவர் கணித ஆசிரியர். அவர் கணக்கு இம்முறை பிழைத்துவிட்டது. பிழைத்தவாற்றை இம்மலரிலே எழுதுதல் மாணாக்கர்க்கும், கணினிகளை உதவிய அன்பர்க்கும் பயன்படும் என எண்ணுகின்றோம்.

உயர்தர வகுப்பிலே தமிழ் பயில்வோரிடம், சங்க நூல்களிற் பனை எவ்வெவ்விடங்களிற் பேசப்படுகின்றது எனத் தேடித் தருமாறு பணித்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பனையினும் அணுக்கமான மரம் வேறு யாது? 1998 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்கள் பலவற்றைத் தட்டெழுதி இணையத்தில் வைத்துள்ளனர். அவற்றிலே ‘பனை’ என்று எழுதித் தேடுமாறு செய்தோம். அரைமணி கழியுமுன் பட்டியல்கள் வந்தன. ஒரு மாணாக்கன் இக்கால உரைநடையையும் சேர்த்துத் தேடி, எல்லோரினும் நீண்ட பட்டியலைப் பெருமிதத்தோடு கொணர்ந்தான். அவனுடைய பனைகளுட் பாதி கற்பனையும் விற்பனையும் ஒப்பனையுமாய் இருந்தன. வகுப்பு நகைத்தது, அவனும் நகைத்தான். பொறி எழுத்தைக் காணுமேயன்றிச் சொல்லைக் காணாது என்பது யாம் கூறாமலே விளங்கிற்று.

மிகுதியாய் வந்தவற்றை நீக்குதல் எளிது. வாராது நின்றவற்றை எங்ஙனம் அறிவது? பனங்காய், பனம்பழம், பனங்கிழங்கு, பனாட்டு என்று நாடோறும் வாயாற் சொல்லும் பிள்ளைகள், அச்சொற்களுள் ‘பனை’ என்னும் வடிவமே இல்லை என்பதை அன்றுதான் கண்டனர். அப்பொழுது நன்னூலை எடுத்தோம். பனையின் முன் கொடி என்னுஞ் சொல் வரின் ஐகாரம் நிற்க வல்லெழுத்து மிக்குப் பனைக்கொடி என்றாகும். பிற வல்லெழுத்துக்கள் வரின் ஐகாரம் கெட்டு, அம்முச்சாரியை தோன்றும். பனங்காய் அவ்வாறு வந்தது. அட்டு என்பது வரின் ஐகாரம் கெட, அகரம் நீண்டு பனாட்டு என்றாகும். தொல்காப்பியரும் உயிர்மயங்கியலிலே பனையைத் தனியே எடுத்து விதி கூறியிருக்கின்றார். வீட்டிலே பாயில் ஊற்றிக் காயவைக்கும் பனாட்டின் பெயருக்கு இரண்டு இலக்கண நூல்களில் இடமுண்டு என்று கேட்டு மாணாக்கர் வியந்தனர்.

இச்சூத்திரத்தை இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம். பரீட்சை முடிந்த மறுநாளே அது மறக்கப்படுவதையும் கண்டு வருகின்றோம். இம்முறை அது தேடுதற்குரிய திறவுகோலாயிற்று. பனங், பனஞ், பனந், பனம், பனா என மாணாக்கர் தாமே வகுத்துக்கொண்டு மீண்டும் தேடினர். புதிய இடங்கள் பல அகப்பட்டன.

அடுத்து, பனைக்கு வேறு பெயர் உண்டா என ஒருவன் வினாவினான். சூடாமணி நிகண்டைக் கொணர்ந்தோம். எமது பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்த நூல் அது; எமது அலுமாரியில் ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாதது. பெண்ணை, போந்தை, தாலம் என்பன கிடைத்தன. ‘பெண்ணை’ என்று தேடினால் மரமும் வரும். திருக்கோவலூர் வழியோடும் ஆறும் வரும். இக்கால உரைநடையிலே இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெண்ணும் வருவாள். மூன்றும் பொறிக்கு ஒன்றே. எது மரம் என்று துணிதற்குச் செய்யுள் முழுவதையும் உரையோடு படித்தல் வேண்டியிருந்தது. உரைநூல்களோ அச்சுப் பிரதிகளாய் அலுமாரியில் இருந்தன. அவ்வாரம் நூல்நிலையத்தில் இடம் போதவில்லை.

எனவே, கணினி வந்தமையால் பழைய நூல்களைக் கழித்துவிடலாம் என்று சிலர் கூறுவதை யாம் ஏற்கமாட்டோம். நூல்கள் அலுமாரியில் இருந்தாற் போதும் என்பாரோடும் உடன்படமாட்டோம். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் படி இல்லாத சுவடிகள் அன்றோடு ஒழிந்தன. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் ஈழத்து வெளியீடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்து வருவது அவ்விழப்பை அறிந்தோர்க்குப் பேராறுதல். படமாய் உள்ள பக்கத்தினுள்ளே சொல்லைத் தேடுதல் இயலாது; எழுத்தாக மாற்றியபின்னரே இயலும். அம்மாற்றத்திற் புகும் பிழைகளைத் திருத்துதற்கும் தமிழ் கற்றவர் வேண்டும்.

எமது மாணாக்கர் இப்பொழுது கல்லூரியின் பழைய மலர்களைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கின்றனர். இடையிடையே சில ஆண்டுகளின் இதழ்கள் நூல்நிலையத்தில் இல்லை. பழைய மாணவர் தத்தம் வீட்டுப் பெட்டகங்களைத் திறந்து பார்ப்பாராக. அட்டை கிழிந்திருப்பினும், ஓரம் செல்லரித்திருப்பினும் தாழ்வில்லை. படியெடுத்த பின்னர் மூலத்தை உரியவரிடமே சேர்ப்பிப்போம்.