ஒட்டுவதும் உரிவதும்: வேட உடைப் பசைகள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளி மாறுவேடப் போட்டிக்கான கட்டபொம்மன் கிரீடம், கூத்துக்காரர் தோளில் ஏறும் கண்ணாடி பதித்த புஜக்கட்டை, திரைப்பட நாயகனைப் போல அணியும் ஃபோம் கவசம் என எதை எடுத்தாலும் அதன் ஆயுள் ஒட்டுகளில் இருக்கிறது. மேசையின் ஒட்டு ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். வேட உடையை அணிபவரோ குனிவார், கையை ஓங்குவார், வியர்ப்பார், விளக்குச் சூட்டில் நிற்பார். வளைவு, வியர்வை, வெப்பம் மூன்றையும் தாங்கும் பசைதான் இங்கே வேலைக்கு ஆகும்.

முன்பு தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைச் சட்டியில் சூடாக்கிப் பயன்படுத்தினார்கள். காகிதத்துக்கு வேலம்பிசினும் மாவுப் பசையும் போதுமானவையாக இருந்தன. இன்று கடையில் வெள்ளைப் பசை, சொல்யூஷன், உடனடிப் பசை, க்ளூ கன் குச்சி, இரட்டைக் குழாய் எப்பாக்சி, கல் பதிக்கும் தெளிந்த பசை என்று குறைந்தது ஆறு வகைகள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் இறுகும் விதம் வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வந்த நம்பிக்கைகளே அதிகம்.

நம்பிக்கை 1: நல்ல பசை ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் ஒட்டலாம்.

உண்மை: வெள்ளைப் பசை மரம், அட்டை, காகிதம், பருத்தித் துணி ஆகியவற்றுக்கு உரியது. 1959-ல் வந்த ஃபெவிகால் இந்தியத் தச்சர்களின் வச்சிரச் சட்டியை ஓரங்கட்டியது இந்த வகையால்தான். பாலிவினைல் அசிட்டேட் துகள்கள் நீரில் மிதக்கும் பால் அது. நீர் வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி ஒரே படலமாகும். ஆகவே ஒட்டும் இரண்டு பக்கங்களில் ஒன்றாவது நீரை உறிஞ்ச வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையில் தடவினால் நீர் போக வழியில்லாமல் நடுப்பகுதி பல நாள் பாலாகவே கிடக்கும். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் நீர் பட்டால் இளகும். வியர்வை ஊறும் நெற்றிப் பட்டையில் அது நிலைக்காது.

நம்பிக்கை 2: எவ்வளவு தடவுகிறோமோ அவ்வளவு பலம்.

உண்மை: பெரும்பாலான பசைகளுக்கு மெல்லிய, சீரான படலமே வலுவானது. தடித்த அடுக்கு மெதுவாகக் காயும், உள்ளே குமிழி விடும், காயும்போது சுருங்கி அட்டையை வளைக்கும். பலத்தைத் தீர்மானிப்பவை படலம் பரவும் பரப்பும் அதன்மேல் விழும் அழுத்தமும்தான். துணி காயப்போடும் க்ளிப்புகளால் ஓரத்தைக் கவ்விவைப்பது, இன்னொரு கரண்டி பசையை ஊற்றுவதைவிடப் பயன் தரும். எப்பாக்சியிலும் இதே தவறு நடக்கிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றுகிறார்கள். பிசினும் கடினமாக்கியும் அளவோடு சேர்ந்தே வேதிவினை புரிகின்றன. கூடுதலாக ஊற்றிய பங்கு வினைபுரியாமல் மிஞ்சி, ஒட்டு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

நம்பிக்கை 3: நொடியில் பிடிப்பதுதான் மிக வலுவான பசை.

உண்மை: உடனடிப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். 1942-ல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடும்போது இது கைக்கு வந்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் பசையாகவே சந்தைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம் பட்டவுடன் இறுகுவது இதன் இயல்பு. இறுகியபின் கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும். நேராக இழுத்தால் தாங்கும். வளைத்தாலோ ஓரத்திலிருந்து உரித்தாலோ சட்டென்று விட்டுவிடும். அசையாத சிறு துண்டுகளுக்கு அது பொருத்தம். முழங்கையில் வளையும் கவசத்துக்குப் பொருந்தாது.

துணியில் அது ஆபத்தாகவும் மாறும். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ சொட்டினால் இழைகளின் பரந்த பரப்பில் வேதிவினை ஒரேயடியாக நடந்து சூடு கிளம்பும். சில நொடியில் புகையும் வரும். உடுத்திய உடையின்மேல் வைத்து ஒட்டினால் அடியில் உள்ள தோல் சுட்டுவிடும். உடையைக் கழற்றி மேசையில் விரித்துத்தான் வேலை செய்ய வேண்டும், அதுவும் துணிக்கு உரிய பசையால். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் செல்வதே வழி.

நம்பிக்கை 4: சொல்யூஷனை ஈரம் காயும் முன் ஒட்டிவிட வேண்டும்.

உண்மை: ஃபோம் கவசம் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. செருப்புத் தைப்பவரும் சன்மைக்கா ஒட்டும் தச்சரும் வைத்திருக்கும் மஞ்சள் நிற ரப்பர் பசை, கரைப்பானில் கரைத்த நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். கரைப்பான் பறந்துபோன பிறகு ரப்பர் படலம் ரப்பர் படலத்தோடு சேர்வதுதான் அதன் ஒட்டு. ஆகவே இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவ வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்த்தால் ஒட்டுவது போன்ற உணர்வு இருக்கும், ஆனால் பசை விரலில் வராது. அதுதான் சேர்க்கும் பதம்.

ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் நடுவில் சிக்கிக்கொள்ளும், மூட்டு வழுக்கும். பதத்தில் சேர்த்தால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த முடியாது. அதனால் மார்புக் கவசத்தின் இரண்டு விளிம்புகளை ஒரு முனையில் தொடங்கி, விரல் அகலம் விரல் அகலமாகப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். பொருத்திய இடத்தை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதே முக்கியம், எவ்வளவு நேரம் என்பதல்ல. இப்படிச் சேர்ந்த மூட்டு ஃபோமோடு சேர்ந்து வளையும்.

தெர்மோகோலுக்கு மட்டும் இதை எடுக்கக் கூடாது. கரைப்பான் பட்ட இடத்தில் தெர்மோகோல் கரைந்து குழியாகும். தெர்மோகோல் கிரீடத்துக்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

நம்பிக்கை 5: க்ளூ கன் போட்டால் நிரந்தரம்.

உண்மை: க்ளூ கன் குச்சி உருகும் பிளாஸ்டிக். சூடாக்கினால் ஓடும், ஆறினால் உறையும். வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. உறைந்ததை மறுபடியும் சூடு இளக்கிவிடும். வெயிலில் நிறுத்திய காரின் பின்னிருக்கையில் வைத்த கிரீடம், விழா மண்டபம் வந்து சேரும்போது மணிகளை உதிர்த்திருப்பது இதனால்தான். வழவழப்பான உலோகத்திலும் கண்ணாடியிலும் இதன் பிடி இன்னும் பலவீனம். அளவு பார்க்கத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பதற்கும், அட்டை, துணிப்பூ, நாடா போன்ற பாரமற்ற அலங்காரங்களுக்கும் இது சிறந்த கருவி. குறைந்த சூட்டு வகையே சுமார் 120 டிகிரி செல்சியஸிலும், அதிக சூட்டு வகை சுமார் 190 டிகிரியிலும் பசையை வெளியே தள்ளுகின்றன. தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் இருக்க வேண்டும், குழந்தைகள் கையில் க்ளூ கன் இருக்கக் கூடாது.

நம்பிக்கை 6: துடைத்துச் சுத்தம் செய்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் ஒட்டும்.

உண்மை: சுத்தம் செய்வது அவசியம்தான். எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியை எடுத்துவிட்டால் பெரும்பாலான பரப்புகளில் ஒட்டு வலுப்படும். ஆனால் பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் எதையும் எளிதில் ஒட்டவிடாத பரப்பு கொண்டவை. வாளி, டப்பா மூடி, பழைய பாட்டில் ஆகியவற்றை வெட்டிக் கேடயமோ கவசமோ செய்பவர்கள் பொருளின் அடியில் உள்ள முக்கோணக் குறியைப் பார்க்கலாம். உள்ளே 2, 4 அல்லது 5 என்றிருந்தால் அவை இந்தக் குடும்பம். குறி இல்லாவிட்டால் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கலாம். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால் பசையும் அப்படித்தான் நிற்கும். அங்கே தையல், ரிவெட், துளையிட்டுக் கட்டும் நாடா ஆகியவையே கைகொடுக்கும்.

நம்பிக்கை 7: தொட்டால் கையில் வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

உண்மை: மேல் காய்வது வேறு, உள் இறுகுவது வேறு. குந்தன் கல்லையும் கண்ணாடித் துண்டையும் துணியில் பதிக்கும் தெளிந்த, வளையும் பசைகளுக்கு இது மிகவும் பொருந்தும். வெளிநாட்டு வேடக் கலைஞர்களிடம் பேர்பெற்ற இ6000 அந்த வகையைச் சேர்ந்தது. அது முழுப் பலம் பெற 24 முதல் 72 மணி நேரம் ஆகும். விழாவுக்கு முந்தைய இரவு பதித்த கற்கள் மேடையிலேயே உதிர்வதற்குப் பசை காரணமாக இருக்காது, நாள்கணக்குதான் காரணம். பதிக்கும் வேலையை மூன்று நாள் முன்பே முடித்து, உடையைத் தொங்கவிடாமல் தட்டையாகப் பரப்பி வைப்பதே முறை.

நம்பிக்கை 8: ஒரு சொட்டு உடனடிப் பசையில் மீசை கெட்டியாக நிற்கும்.

உண்மை: பாரதியார் வேடமிட்ட குழந்தையின் மேலுதட்டில் வைக்கக் கூடாத பொருள் அது. சொல்யூஷன், எப்பாக்சி, கல் பதிக்கும் பசை எதுவும் முகத்துக்கு உரியது அல்ல. நாடக, சினிமா ஒப்பனையாளர்கள் மீசைக்கும் தாடிக்கும் ஸ்பிரிட் கம் பயன்படுத்துகிறார்கள். அது ஆல்கஹாலில் கரைத்த பிசின். ஈரமாக இருக்கும்வரை தீப்பற்றும். கழற்ற அதற்குரிய நீக்கி வேண்டும். நீர் அடிப்படையிலான ஒப்பனைப் பசைகளும் இருக்கின்றன. எதுவானாலும் முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பசை வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு ஒப்பனைப் பென்சிலால் வரைந்த மீசையே போதும்.

நம்பிக்கை 9: நாற்றம் பழகிவிட்டால் கெடுதல் இல்லை.

உண்மை: மூக்கு பழகுகிறது, நுரையீரல் பழகுவதில்லை. ரப்பர் பசைகளில் டொலுவீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. தலைவலியும் கிறுகிறுப்பும் அவை உடலுக்குள் போவதன் அறிகுறிகள். இ6000-ன் வழக்கமான வகையில் நெடுங்காலமாக இருந்துவரும் டெட்ராகுளோரோஎத்திலீனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. தூசிக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும், எதிரெதிர் ஜன்னல் திறந்த அறையோ மொட்டைமாடியோ தேவை. ரப்பர் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பூஜை விளக்கையும் அடுப்பையும் சென்று சேரும்.

நம்பிக்கை 10: ஒரிஜினல் பசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

உண்மை: பேர்பெற்ற பசைகளுக்குப் பெயரிலும் நிறத்திலும் மயக்கும் போலிகள் உண்டு. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டுப் பொதிவுப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு ஆகியவை பொதியில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், எழுத்துப்பிழை தென்பட்டாலும், குழாயின் முத்திரை உடைந்திருந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

அசலும் முதுமை அடையும். கட்டி தட்டிய வெள்ளைப் பசை, கூழாக உறைந்த சொல்யூஷன், கெட்டித்துச் சொட்டாத உடனடிப் பசை ஆகியவை தம் காலத்தை முடித்தவை. கரைப்பானோ நீரோ ஊற்றி அவற்றை மீட்க முடியாது. உடனடிப் பசையை ஈரம் கெடுக்கும் என்பதால் மூடியைத் துடைத்து இறுக்கி, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இந்தப் பத்துக்கும் ஒரே மருந்து உண்டு. உடையை வெட்டும்போது மிஞ்சும் அதே துணி, அதே ஃபோம், அதே கல் ஆகியவற்றில் ஒரு சிறு ஒட்டு போட்டு, முழுதாக இறுகவிட்டு, வளைத்து, நனைத்து, வெயிலில் வைத்து, ஓரத்தைப் பிடித்து உரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டு தாங்கினால் உடையும் தாங்கும்.