நெசவுப் பெண்ணின் விடை
('ஹிண்டில் வேக்ஸ்' என்னும் நாடகத்தைப் பற்றிய ஒரு சிற்றாய்வு)

ஆங்கில நாடகம் என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தில் ஷேக்ஸ்பியரும், அவருக்குப்பின் ஷெரிடனும், பெர்னார்ட் ஷாவும் தோன்றுதல் இயல்பே. பாடத்திட்டமும் பரீட்சையும் அப்பெரியோரையே நம்முன் நிறுத்துகின்றன. ஆயினும், பெருமலைகளின் அடிவாரத்தே வற்றாத சிற்றூற்றுக்கள் இருத்தல்போல, பலரும் அறியாத நல்ல நாடகங்கள் சிலவும் அம்மொழியில் உள. அவற்றுள் ஒன்று, ஸ்டான்லி ஹௌட்டன் என்பார் இயற்றி, 1912-ஆம் ஆண்டில் அரங்கேறிய 'ஹிண்டில் வேக்ஸ்' என்பது. பெண்கள் எதனை விரும்புகின்றனர்? அவ்விருப்பத்தை வாய்திறந்து கூற அவர்கட்கு இயல்வது எப்பொழுது? இவ்விரு வினாக்களையும் அந்நாடகம் எழுப்புகின்றது. அதற்கு அது கூறும் விடையையும், அவ்விடை தலைநகரத்தில் தோன்றாமல் ஒரு மாகாண நகரத்து நாடகசாலையில் தோன்றிய காரணத்தையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாடகசாலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிற நகரங்கள் நாடகத்திற்கு லண்டனையே எதிர்நோக்கியிருந்தன. லண்டனில் வெற்றிபெற்ற நாடகத்தை ஊர்சுற்றும் குழுவினர் கொணர்ந்து காட்டுவர். ஊரார் கண்டு களிப்பர். தம் ஊரின் வாழ்வும் பேச்சும் மேடைக்கு உரியன என்ற எண்ணமே அவர்கட்கு அரிதாயிருந்தது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஆனி ஹார்னிமன் என்னும் அம்மையார் (1860–1937). தேயிலை வாணிகத்தாற் செல்வம் ஈட்டிய குடும்பத்திற் பிறந்த இவர், தம் பொருளை நாடகக் கலைக்கே செலவிட்டார். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1904-இல் திறக்கப்பெற்ற ஆபி நாடகசாலை இவர் பொருளுதவியால் எழுந்ததே. பின்னர் இவர் பருத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற மாஞ்செஸ்டர் நகருக்கு வந்து, 1907-இல் ஒரு நாடகக் குழுவை அமைத்தார். மறு ஆண்டில் அந்நகரத்துக் கெயட்டி நாடகசாலையை விலைக்கு வாங்கினார். தனக்கென ஒரு நிலையான நடிகர் குழுவைக் கொண்டு, பல நாடகங்களை மாற்றி மாற்றி நடித்து வந்த அரங்குகளுள், இங்கிலாந்தின் மாகாண நகரங்களில் இதுவே முன்னோடி என்பர்.

இதன் முறைகள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, புகழ்பெற்ற ஒரு நடிகரைச் சுற்றி நாடகத்தை அமையாமை. இன்று தலைவனாக நடித்தவர் நாளை ஏவலாளனாக வருவார். இதனாற் சிறிய பாத்திரங்களும் உயிர்பெற்றன. மற்றொன்று, உள்ளூர் ஆசிரியரை ஊக்குதல். ஹௌட்டன், ஹாரல்ட் பிரைஹௌஸ், ஆலன் மங்க்ஹௌஸ் ஆகியோர் இவ்வூக்கத்தால் வளர்ந்தவர்.

ஆசிரியர்

ஹௌட்டன் 1881-இல் மாஞ்செஸ்டருக்கு அண்மையிற் பிறந்தவர். தந்தையார் பருத்தித் துணி வணிகர். மகனும் பல ஆண்டுகள் அத்தொழிலிலேயே இருந்து, மாலை வேளைகளில் நாடகம் எழுதினார். 'மாஞ்செஸ்டர் கார்டியன்' பத்திரிகைக்கு நாடக மதிப்புரைகளும் வரைந்தார். 'ஹிண்டில் வேக்ஸ்' பெற்ற வெற்றிக்குப் பின்னரே வாணிகத்தை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ஆயினும் அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1913 டிசம்பரில், தம் முப்பத்திரண்டாம் வயதிலேயே அவர் காலமானார். துணியின் விலையும், நெய்வோர் கூலியும், ஆலை முதலாளியின் மேசைப் பேச்சும் அவருக்குக் கேள்வியறிவன்று, நாள்தோறும் கண்டறிந்தவை.

ஊரும் விடுமுறையும்

நாடகத்தின் பெயர் நமக்குப் புதிதாதலின் அதனை விளக்குதல் வேண்டும். ஹிண்டில் என்பது ஆசிரியர் கற்பித்த ஊர். லங்காஷயர் மாகாணத்து ஆலை நகரங்களின் சாயலில் அமைந்தது. 'வேக்ஸ்' என்பது பழங்காலத்தில் தேவாலயத் திருநாளின் முன்னிரவில் கண்விழித்தலைக் குறித்த சொல். ஆலைகள் பெருகிய பின்னர் அஃது ஊர் முழுதும் தொழில் நிறுத்தி ஓய்வு கொள்ளும் விடுமுறையைக் குறிப்பதாயிற்று. ஒவ்வொரு நகரமும் தனக்குரிய வாரத்தில் ஆலைகளை மூடும். தொழிலாளர் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு பிளாக்பூல் முதலிய கடற்கரை ஊர்களுக்குச் செல்வர். ஆண்டில் ஐம்பத்தொரு வாரம் தறியோசையிலும் பஞ்சுத் தூசியிலும் கழிக்கும் ஒருத்திக்கு அவ்வொரு வாரம் எத்தன்மையது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கடற்காற்றுக்கும், சிரிப்புக்கும், யாரும் ஏவாத ஒரு பகற்பொழுதுக்கும் அவள் கொண்ட ஏக்கமே இந்நாடகத்தின் வித்து.

கதை

ஃபானி ஹாதார்ன் ஜெப்கோட் என்பவரது ஆலையில் தறி ஓட்டும் பெண். தந்தை கிறிஸ்டபரும் அவ்வாலையிலேயே வேலை செய்பவர். முதலாளியும் அவரும் இளமைத் தோழர். விடுமுறையில் ஃபானி தன் தோழி மேரி ஹாலின்ஸுடன் பிளாக்பூலுக்குச் சென்றாள். அவள் வீடு திரும்பும் இரவில் நாடகம் தொடங்குகின்றது. பெற்றோர் வினாவ, தோழியுடனேயே இருந்ததாக அவள் கூறுகின்றாள். ஆனால் மேரியோ முன்னாளே கடலிற் படகு விபத்தில் மூழ்கி இறந்துவிட்டாள். அச்செய்தி பெற்றோர்க்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. தோழியின் சாவும் தன் பொய்யின் வெளிப்பாடும் ஒரே நொடியில் அவள்மேல் வீழ்கின்றன. முதலாளியின் மகன் ஆலனுடன் லாண்டட்னோ என்னும் கடற்கரை ஊரில் அவள் தங்கியிருந்த உண்மை வெளிப்படுகின்றது.

அன்றிரவே கிறிஸ்டபர் முதலாளியின் இல்லம் சென்று முறையிடுகின்றார். நத்தானியல் ஜெப்கோட் கடுமையும் நேர்மையும் ஒருங்கேயுடையவர். குற்றவாளி யாரென அறியுமுன்னரே பழைய தோழனுக்கு நியாயம் செய்வதாக வாக்களிக்கின்றார். அவன் தம் மகனே என்றறிந்த பின்னரும் வாக்குத் தவறுகின்றிலர். ஆலன் அப்பெண்ணை மணந்தே தீரல் வேண்டும்; இன்றேல் சொத்தில் அவனுக்கு ஒரு காசும் இல்லை என்கின்றார். ஆலனோ, சர் டிமதி பாரார் என்னும் மற்றொரு ஆலை முதலாளியின் ஒரே மகளாகிய பியாட்ரிஸுக்கு மணம் பேசப்பட்டவன். பியாட்ரிஸ் அவனை உண்மையாகவே நேசிப்பவள். எனினும், அவன்மீது உரிமை ஃபானிக்கே எனத் துணிந்து விலகிக்கொள்கின்றாள்.

இறுதியங்கத்தில் இரு குடும்பத்தாரும் ஜெப்கோட் இல்லத்தில் ஒன்று கூடித் திருமணத்தைப் பற்றி ஆலோசிக்கின்றனர். மணமகளாக வேண்டியவள் ஒரு மூலையில் வாளாவிருக்கின்றாள். பேச்செல்லாம் முடிந்து முடிவான நிலையில், தன்னை ஒருவரும் கேட்கவில்லையே என அவள் வாய்திறக்கின்றாள். ஆலனை மணக்க அவளுக்கு விருப்பமில்லை.

நால்வர் விருப்பம்

இந்நாடகத்தில் நான்கு பெண்களின் விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றைத் தனித்தனியே நோக்கின் ஆசிரியரின் கருத்துப் புலனாகும்.

ஃபானியின் தாய்க்கு மகளுக்கு நேர்ந்த பழியைக் காட்டிலும், அப்பழியால் வாய்க்கக்கூடிய செல்வமே பெரிதாகத் தோன்றுகின்றது. வறுமையில் உழன்று, பிறர் வாழ்வை ஏக்கத்துடன் நோக்கியவளுக்கு முதலாளி வீட்டுச் சம்பந்தம் கைக்கெட்டிய கனி. அவளை எள்ளி நகைப்பது எளிது. ஆனால் அவள் விருப்பம் பிறந்த அடுக்களையையும் நாம் காணல் வேண்டும்.

ஆலனின் தாயோ இரக்கமுடையவள். எனினும் தன் மகனுக்குச் சீமாட்டி ஒருத்தி மனைவியாக வருதலையே அவள் கனவு கண்டாள். அக்கனவு கலையும்போது அவள் இரக்கம் மகனோடு நின்றுவிடுகின்றது.

பியாட்ரிஸின் விருப்பம் இவற்றினும் உயர்ந்தது. காதலையும் துறந்து அறத்தை நிலைநாட்ட அவள் விழைகின்றாள். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தியாகம் செய்யும் அவளும், அத்தியாகத்தின் பயனை ஏற்கவேண்டிய ஃபானியை ஒரு சொல் கேட்டாளில்லை. பிறருக்கு நன்மை செய்யும் ஆர்வத்திலும், அப்பிறரின் மனத்தை அறியாமற் போகும் பிழை நிகழக்கூடும் என்பதை ஆசிரியர் இங்கு நுட்பமாகக் காட்டுகின்றார்.

இனி ஃபானி. மூத்தோர் ஒதுங்க, ஆலனும் அவளும் தனித்திருக்கும் காட்சியே நாடகத்தின் உயிர்நிலை. தன் வாழ்வைக் கெடுக்க மனமின்றியே அவள் மறுக்கின்றாள் என ஆலன் எண்ணி நெகிழ்கின்றான். அவள் அவ்வெண்ணத்தைத் தகர்க்கின்றாள். அவள் கருதியது அவன் வாழ்வையன்று, தன் வாழ்வையே. அவனுக்கு அவள் எவ்வாறு ஒரு சிறுபொழுதின் களிப்போ, அவ்வாறே அவளுக்கு அவனும் என்கின்றாள். மேலும், தந்தையின் அதட்டலுக்கு அஞ்சி மணக்க வருபவன் தனக்கு ஏற்ற கணவனல்லன் எனவும் தெளிவாக உரைக்கின்றாள். அவ்வினாவை ஆண்மக்கள் கேட்கும்போது உலகம் வியப்பதில்லை. பெண்ணொருத்தி கேட்டபோதோ மேடையே நடுங்கிற்று.

மறுப்பின் வேர்

இத்துணை உறுதி அவளுக்கு எங்கிருந்து வந்தது? வெறும் பிடிவாதமன்று, அவள் கையிலுள்ள தொழிலே அதன் வேர். லங்காஷயர் நெசவாளருள் பெண்களே மிகுதி. 1892-இல் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒப்புக்கொண்ட நெசவுக் கூலிப்பட்டியலில், ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு ஒரு விகிதம் என்னும் வேறுபாடு இல்லை. நெய்த துணிக்கே கூலி. பிற தொழில்களில் பெண்கள் பாதிக் கூலி பெற்ற காலத்தில் இஃது அரிய நிலைமை. ஆதலின் தாய் வீட்டைவிட்டு விலக்கியபோதும் ஃபானி கலங்கவில்லை. தறிகள் ஓடும்வரை தன் உணவைத் தானே ஈட்டிக்கொள்ள இயலும் என அறிந்தவள் அவள். தறியறியாத சீமான் வீட்டுப் பெண்ணாகிய பியாட்ரிஸுக்கு அத்துணிவு வாய்க்கவில்லை. அவளாற் செய்யக்கூடியது துறத்தல் ஒன்றே.

ஆகவே, மனத்திலுள்ள விருப்பம் வாயில் வருதற்குக் கையில் ஊதியம் வேண்டும் என்பதே இந்நாடகத்தின் உட்பொருள் எனக் கொள்ளலாம். கூலிப்பட்டியலை அறியாத ஆசிரியர் இப்பாத்திரத்தைப் படைத்தல் அரிது. அக்கூலியைப் பெற்ற மகளிர் வாழும் ஊரில் அமைந்த அரங்கமே இதனைப் பிறப்பித்தற்கு உரியது. 1912 ஜூன் 16-ஆம் நாள் லண்டன் ஆல்ட்விச் நாடகசாலையில் ஒரு நாடகச் சங்கத்தார் பொருட்டு இது முதலில் நடிக்கப்பெற்றது உண்மையே. ஆயினும் நடித்தவர் மாஞ்செஸ்டர் குழுவினரே. லூயிஸ் காஸன் இயக்க, ஈடித் குடால் ஃபானியாகவும், பின்னாளிற் பெரும்புகழ் எய்திய சிபில் தார்ண்டைக் பியாட்ரிஸாகவும் நடித்தனர். அந்நாள்வரை லண்டன் மாகாணங்களுக்கு நாடகம் அனுப்பிற்று. இப்பொழுது மாகாணம் லண்டனுக்கு நாடகம் அனுப்பியது.

ஓர் ஆட்சேபம்

இந்நாடகம் ஒழுக்கக் குறைவைப் போற்றுகின்றதன்றோ எனச் சிலர் வினவலாம். அந்நாளிலும் அவ்வாறு கடிந்தவர் பலர். களவிற் கூடியோரைக் கற்பிற் சேர்த்துவைத்தலே முறையென்பது நம் முன்னோர் துணிபுமாம். ஆயின், ஹௌட்டன் அச்செயலை நன்றெனக் கூறுகின்றாரல்லர். ஃபானி பொய்யுரைத்தாள், அப்பொய் அவிழும் வேளையில் தோழியின் மரணம் அவளை வாட்டுகின்றது, இறுதியிற் பிறந்த வீட்டையும் இழக்கின்றாள். ஆலனோ, அவள் மறுத்தவுடனே பியாட்ரிஸை நாடி விரைகின்றான். அவனுக்கு இழப்பு யாதுமில்லை. ஒரே பிழைக்கு இருவர்க்கும் இருவேறு விலை வைக்கும் உலக வழக்கையே ஆசிரியர் நம் கண்முன் நிறுத்துகின்றார். அன்பில்லாத மணம் முன்னைப் பிழையை மறைக்குமேயன்றித் திருத்துமோ என்பதே அவர் வினா. அதற்கு அவர் விடை கூறாது நம்மிடமே விட்டுவிடுகின்றார்.

முடிவுரை

ஹார்னிமன் அம்மையாரின் குழு 1917-இற் பொருள் முட்டுப்பாட்டாற் கலைந்தது. கெயட்டி நாடகசாலை பின்னர்ச் சினிமாக் கொட்டகையாகி, 1959-இல் இடிக்கப்பட்டது. ஆனால் வித்து அழியவில்லை. 'ஹிண்டில் வேக்ஸ்' 1918 முதல் 1952 வரையில் நான்குமுறை திரைப்படமாயிற்று. மாஞ்செஸ்டரில் பருத்தி வாணிகம் நிகழ்ந்த பெருமண்டபத்தினுள்ளேயே 1976-இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் நாடகசாலை தோன்றிற்று. விலை கூறிய குரல் ஓய்ந்த இடத்தில் நடிகர் குரல் எழுந்தது.

மாணவ நண்பர்களே, நூல் நிலையத்தில் இந்நாடகம் கிடைப்பின் எடுத்துப் படியுங்கள்; மூன்று அங்கங்களே; ஒரு மாலையில் முடித்துவிடலாம். படிக்கும்போது இறுதியங்கத்தில் மூலையில் வாய்பேசாதிருக்கும் அப்பெண்மீது கண் வையுங்கள். நம் இல்லங்களிலும் பெண்ணின் படிப்பைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் பெரியோர் கூடிப் பேசும் வேளைகள் உண்டு. அவ்வேளையில், 'உன் விருப்பம் என்ன?' என்று அவளை ஒருவரேனும் கேட்பாராயின், இந்நாடகத்தை நாம் பயின்றது வீணாகாது.