'அக்கா, தூங்கிட்டீங்களா?': கவுன்சலர்களுக்கு ஒரு வழிகாட்டி

கவுன்சலர்களுக்கான பயிற்சியில் 'உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ள என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டால் நடைப்பயிற்சி, யோகா, இளையராஜா என்று பதில் வரும். எல்லாம் நல்லவைதான். ஆனால் அதே ஆட்கள் இரவுச் சாப்பாட்டின் நடுவே போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார்கள். எனவே இங்கே வேலை நேரத்துக்குள் செய்ய வேண்டியவற்றையே சொல்கிறேன்.

1. நாளுக்கு ஐந்து பேர் போதும்

ஐம்பது நிமிட அமர்வு என்றால் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். வன்முறை, துக்கம், தற்கொலை எண்ணம் போன்ற கனமானவற்றைக் கடைசி நேரத்தில் வைக்காதீர்கள். மதியத்துக்கு முன்பே முடியட்டும்.

2. நடுவில் பத்து நிமிடம்

ஒருவர் போனதும் குறிப்பை எழுதி முடியுங்கள். 'சாயங்காலம் மொத்தமாக எழுதிக்கொள்கிறேன்' என்பவர் அத்தனை கதைகளையும் சாயங்காலம் வரை சுமக்கிறார். பிறகு முகம் கழுவுங்கள், எழுந்து நடங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் போனைத் தொடக் கூடாது.

3. ராத்திரி போன்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். இரவு பதினொரு மணிக்கு 'அக்கா, தூங்கிட்டீங்களா?' என்று வரும். பாவம் என்று பதில் போடுவோம். அரை மணி நேரம் ஓடும். அடுத்த வாரம் மூன்று இரவுகள் வரும். நம் தூக்கம் கெடுவதோடு இது நிற்பதில்லை. நாம் இல்லாமல் ஒரு ராத்திரியைக் கடக்க முடியாது என்று அவருக்கும் பழக்கிவிடுகிறோம். எல்லை வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

முதலில், வேலைக்குத் தனி எண், தனிப் போன். ஒரே போனில் இரண்டு சிம் போட்டுவிட்டுப் பிரித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள். சத்தம் அதே கையில்தான் கேட்கும். பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ உங்கள் சொந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால், அலுவலக எண் கேளுங்கள். கிடைக்கும் வரை வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தையும் அவசர எண்ணையும் தானாகச் சொல்லும் பதிலைப் போட்டு வையுங்கள். நீல டிக்கை அணைத்துவிடுங்கள். பேத்தியின் பிறந்தநாள் படம் ஸ்டேட்டஸில் போவதும் அந்த எண்ணில் வேண்டாம்.

அடுத்து, முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். ராத்திரி மெசேஜ் வந்த பிறகு சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்வது இது: "இந்த நம்பர் காலையில ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். அதுக்கப்புறம் வர்ற மெசேஜை மறுநாள்தான் பார்ப்பேன். ராத்திரி தாங்க முடியலைன்னா என்ன பண்றது, யாரைக் கூப்பிடுறதுன்னு இப்பவே எழுதிடுவோம்."

பலர் எல்லையைச் சொல்லிவிட்டு, எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். அப்போது அது கதவைச் சாத்தியது போலத்தான் ஆகும். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இதற்குத் தோதானது. ஆபத்து நெருங்குவதன் அறிகுறிகள், தானே செய்து பார்க்கக்கூடியவை, மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், நிபுணர்கள், வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவை என ஆறு படிகள். கடைசிப் படி நம் ஊரில் பெரும்பாலும் பூச்சிமருந்து அல்லது மாத்திரை டப்பா. நிபுணர்கள் வரிசையில் 14416 இருக்கட்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அறையிலேயே அவர் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். தாளைப் பலர் தொலைத்துவிடுவார்கள்.

இதையும் மீறி மெசேஜ் வந்தால்? சாதாரண வருத்தம் என்றால் காலையில் ஒரே வரி: "பார்த்தேன், வியாழக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்." வாட்ஸ்அப்பில் கவுன்சலிங் நடத்தாதீர்கள். உயிர் ஆபத்து தெரியும் மெசேஜ் உங்கள் கண்ணில் பட்டுவிட்டால் எல்லையைப் பற்றி யோசிக்காமல் உடனே கூப்பிடுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? பக்கத்துல யார் இருக்காங்க? கையில என்ன இருக்கு?" வீட்டாரைப் பேச வையுங்கள், தேவைப்பட்டால் 108. உயிர் ஆபத்தைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டும் வெளியே சொல்ல 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிச் சொல்ல நேரலாம் என்பதையும் முதல் நாளே தெரிவித்துவிடுங்கள்.

4. உங்களுக்கும் ஓர் ஆள்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூத்த ஒருவரிடம் சூப்பர்விஷன். காசு கொடுத்தாவது செய்யுங்கள். கணவரிடமோ தோழியிடமோ 'பேர் சொல்லாமல்' கொட்டுவது சூப்பர்விஷன் ஆகாது. சின்ன ஊரில் பேர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும். சக கவுன்சலரிடம் பேசும்போதும் 'ஒரு கனமான விஷயம், இப்ப கேட்க முடியுமா?' என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ரத்த விவரம் வேண்டாம். அது உங்களை என்ன செய்தது என்பதைச் சொன்னால் போதும். உங்களிடம் வந்துகொண்டிருந்தவர் தற்கொலை செய்துகொண்டால், அன்று மீதி அமர்வுகளை ரத்து செய்யுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

5. அளந்து பாருங்கள்

ஒருவர் வரவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருக்கிறதா? அவர் சொன்ன காட்சி உங்கள் தூக்கத்தில் வருகிறதா? முதலாவது சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது பிறர் காயம் நமக்குள் இறங்குவது. மெக்கானும் பெர்ல்மனும் 1990-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக அளக்க 'ப்ரோக்வால்' என்ற முப்பது கேள்விப் படிவம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். சோர்வு கூடியிருந்தால் லீவு மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனமே தன் நோய் வகைப்பாட்டில் அதை வேலையிடம் சார்ந்த ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே மேலதிகாரியிடம் போய் அமர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். காட்சிகள் துரத்தினால் நீங்களே ஒரு தெரபிஸ்ட்டிடம் போங்கள்.

ஐந்தும் முடியாது என்றால் மூன்றாவதை மட்டும் செய்யுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நாளையே தொடங்கலாம். ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களிடம் அடுத்த சந்திப்பில் நேரில் சொல்லி, திட்டத்தை எழுதி, ஒரு மாதம் அவகாசம் கொடுத்து மாற்றுங்கள். திடீரென்று ஒரு நாள் எண்ணை அணைத்தால், கைவிட்டுவிட்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.